பெரியக்காவை டிவியில் காட்டிய ஞாயிற்றுக்கிழமை

டிவிக்குப் பூமாலை போட்டு, அதன் எதிரே தலைவாழை இலை விரித்துப் படையல் வைத்த குடும்பம் வெள்ளானூரில் எங்களுடையது ஒன்றாகத்தான் இருக்கும். அதுவும் மூலையில் 18+ என்று போட்டிருந்த ஒரு பேய்த் தொடருக்கு. இப்போது நினைத்தால் எனக்கே சிரிப்பு வருகிறது. அன்றைக்கு வந்தது சிரிப்பு இல்லை.

எல்லாம் என் தம்பியால் வந்தது. படப்பிடிப்புகளுக்கு வேன் ஓட்டுகிறவன் அவன். பூந்தமல்லிக்கு அந்தப் பக்கம் செட் போட்டிருக்கிற இடங்களுக்கு ஆட்களையும் சாமான்களையும் ஏற்றிப் போவான். இறக்கிவிட்ட பிறகு பொழுது சாயும் வரை வண்டியிலேயே காத்துக் கிடக்க வேண்டும். காத்துக் கிடக்கிற நேரத்தில் மற்றவர்கள் தூங்குவார்கள், இவன் பேசுவான். ஓட்டை வாய். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான்.

மார்கழி பிறப்பதற்கு முன்னால் ஒருநாள், நான் அம்பத்தூர் எஸ்டேட்டில் வேலை முடிந்து வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் வாசலில் வந்து நின்றான்.

"யக்கா, பெரியக்கா கத டிவில வந்துக்கீதுக்கா!"

"எந்தப் பெரியக்கா?"

"நம்ம பெரியக்காதான். நாந்தான் அந்த டைரக்டராண்ட சொன்னேன். பூவாடைக்காரி கத. இப்போ ஊரே அதத்தான் பார்த்துகினு கீது. மொத எபிசோடுலயே நான்கூட தீப்பந்தம் புட்ச்சிகினு வர்றேன்."

எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. ஏன் என்பதற்குப் பெரியக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

எங்களுக்கு மூத்தவள் அவள். நான் நடு, தம்பி கடைசி. கல்யாணம் நிச்சயமாகி, பத்திரிகை அடிக்கக் கொடுத்திருந்த நேரத்தில் மஞ்சள் காமாலை வந்து போய்விட்டாள். நான் அப்போது ஆறாவது படித்துக்கொண்டிருந்தேன். தம்பி அவள் இடுப்பைவிட்டு அப்போதுதான் இறங்கியிருந்தான். அப்பாவும் அம்மாவும் விடியும் முன்னே கழனி வேலைக்குப் போய்விடுவார்கள், பிறகு அப்பா ஆவடியில் கம்பெனி வேலைக்குப் போனார். ஆகவே எங்கள் இருவருக்கும் அம்மா என்றால் பாதி அவள்தான்.

எங்கள் பக்கத்தில் கல்யாணமாகாமல் இறந்த பெண்ணை அப்படியே விட்டுவிட மாட்டார்கள். அவள் வீட்டுத் தெய்வமாக, பூவாடைக்காரி ஆகிவிடுவாள். வருஷத்துக்கு ஒருமுறை அவளுக்குப் புதுப்புடவை, பூ, வளையல் வைத்து, அவளுக்குப் பிடித்ததைச் சமைத்துப் படைப்போம். வீட்டில் ஒரு கல்யாணம் என்றால் முதல் அழைப்பு அவளுக்குத்தான். பம்பை மேளம் அடிக்கிற பம்பைக்காரரைக் கூட்டிக்கொண்டு ஏரிக்கரைக்குப் போய், குடத்தில் தண்ணீர் மொண்டு, பூச்சுற்றி, அவளை அழைத்து வீட்டுக்குக் கொண்டுவர வேண்டும். அவள் வந்து உட்கார்ந்த பிறகுதான் மற்ற வேலைகள். வீட்டுப் பெண்ணை விட்டுவிட்டு வீட்டில் கல்யாணம் செய்வது எப்படி?

வருஷப் படையலன்றும் பம்பை அடித்து அழைப்போம், அழைத்தால் அவள் வருவாள். தம்பி மேல்தான் வருவாள். தூக்கி வளர்த்த பிள்ளை அல்லவா என்று எல்லோரும் சொல்வார்கள். பம்பை சூடுபிடித்ததும் அவன் தோள் துடிக்கும், குரல் மெலிந்து பெண்குரல் ஆகும். புடவை கேட்பாள், பசிக்கிறது என்பாள், அப்பா இருந்தவரை அவரைத் திட்டுவாள். கடைசியாக என் பக்கம் திரும்புவாள். என் தலையைப் பிடித்து இழுத்துக் காதோடு ஒரு வார்த்தை சொல்வாள்.

"சின்னவளே, சிக்கு எடுத்துட்டியா? வா, பின்னி உடுறேன்."

அவ்வளவுதான். அது அவள் தினமும் காலையில் என்னிடம் கேட்டது. நானே சிக்கு எடுத்துவிட்டு அவள் முன்னால் உட்கார வேண்டும், அவளுக்குப் பொறுமை கிடையாது. மண்டைத் தோல் பிய்ந்து வருவதுபோல் இழுத்துப் பின்னுவாள். "வேணாம்க்கா, வலிக்குது" என்றால் இன்னும் இறுக்குவாள். யார் பேச்சையும் கேட்டு எதையும் நிறுத்துகிற ஆளே இல்லை அவள். அவளுடைய குரல் எனக்கு மறந்துபோய்விட்டது. இருக்கிற ஒரே போட்டோவில் முகம் வெளுத்துவிட்டது. என்னிடம் மிஞ்சியிருந்தது இந்த ஒரு வார்த்தைதான், அதுவும் வருஷத்துக்கு ஒருமுறை. அதற்காகவே நான் அந்த வருஷம் முழுவதையும் ஓட்டுவேன்.

சாமி அவனை விட்டு மலையேறியதும் தம்பி சுருண்டு விழுந்து, தண்ணீர் கேட்டுக் குடித்துவிட்டு, "இன்னாக்கா சொன்னா பெரியக்கா? எனுக்கு ஒண்ணுமே நெனவு இல்ல" என்பான். நான் எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொல்வேன். அந்த ஒரு வார்த்தையை மட்டும் சொல்ல மாட்டேன். என் வீட்டுக்காரரிடமும் சொன்னதில்லை. அது எனக்கென்று வந்தது.

இந்தத் தையில் என் மகளுக்குக் கல்யாணம் முடிவாகியிருந்தது. கல்யாண வீட்டுக்கு அழைக்கும் முன்னே பெரியக்கா தானாகவே டிவியில் வருகிறாள் என்றால் என்ன அர்த்தம்? நல்ல சகுனம் என்றுதான் எனக்குத் தோன்றியது.

மகள் மட்டும் இழுத்தாள். ஐடி கம்பெனியில் வேலை செய்கிறவள், அந்தத் தொடர் பற்றி ஆபீசில் காதில் விழுந்திருக்கிறது.

"அம்மா, அது எல்லாரும் ஒண்ணா உக்காந்து பாக்குற மாதிரி இருக்காதாம்மா. பதினெட்டுக்கு மேலன்னு போட்டிருக்கு."

"பேய்ப் படம்னா கொழந்தைங்க பயந்துக்கும், அதுக்குப் போட்டுக்கீறாங்க. நம்மூட்ல இப்போ கொழந்தை யாரு கீறா?"

ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே வீட்டைக் கழுவிவிட்டேன். பெரியக்காவுக்குப் பிடித்த கருவாட்டுக் குழம்பும் முருங்கைக்கீரையும் வைத்தேன். நெமிலிச்சேரியிலிருந்து அத்தை, அப்பாவின் தங்கை, அப்பாவும் அம்மாவும் போன பிறகு எங்களுக்கு மிஞ்சிய பெரியவள், ஆறு முழம் மல்லியோடு ரயிலேறி வந்துவிட்டாள். அந்த மல்லியை டிவிக்குச் சுற்றினோம். கீழே இலை போட்டு, புதுப்புடவையை மடித்து வைத்து, விளக்கேற்றினேன். தம்பி புதுச்சட்டை போட்டுக்கொண்டு பெண்டாட்டியோடு வந்து, போனில் எதையோ தட்டி டிவியில் வரவைத்தான். நான் சூடம் காட்டினேன். அத்தை கன்னத்தில் போட்டுக்கொண்டாள். என் வீட்டுக்காரர்கூட லுங்கியை மாற்றி வேட்டி கட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்தார்.

ஆரம்பம் நன்றாகத்தான் இருந்தது, அதைச் சொல்லத்தான் வேண்டும். ஓர் ஏரி, பனிமூட்டம், தூரத்தில் பம்பைச் சத்தம். கல்யாணம் நிச்சயமான பெண் ஒருத்தி தண்ணீர் மொண்டுகொண்டு போகிறாள். நடிகை வெள்ளையாய்க் கொடிபோல இருந்தாள். எங்கள் அக்கா கறுப்பு, நல்ல வாட்டசாட்டம். போகட்டும், சினிமாக்காரர்களுக்கு அப்படித்தான் அமையும் என்று விட்டுக்கொடுத்தேன். கண்ணில் தண்ணீர்கூட வந்துவிட்டது எனக்கு. தம்பி என்னைத் திரும்பித் திரும்பிப் பார்த்தான், பெருமையாக.

அப்புறம் அந்தப் பெண் செத்தாள். காமாலையில் இல்லை. எப்படி என்று நான் எழுத மாட்டேன். அதை அவர்கள் நிதானமாக, ஒரு மூலை விடாமல் காட்டினார்கள். அதன் பிறகு அவள் ஏரியிலிருந்து எழுந்து வந்தாள், மேலே ஒட்டுத்துணி இல்லாமல். கேமரா அவளைச் சுற்றிச் சுற்றி வந்தது. என் வீட்டுக்காரர் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். தம்பி பெண்டாட்டி எழுந்து சமையல்கட்டுக்குப் போய், இல்லாத வேலையைச் செய்ய ஆரம்பித்தாள்.

அத்தைதான் கேட்டாள். "இன்னாடி இது? பூவாடைக்காரின்னா பொடவ குடு, துணி குடுன்னு கேக்குறவடி. இவ இன்னா அவுத்துப் போட்டுகினு நிக்கிறா?"

இலைக்குப் பக்கத்தில் நான் மடித்து வைத்த புடவை அப்படியே இருந்தது.

மகள் ரிமோட்டை எடுக்கப் போனாள். "இரும்மா, இரு, என் சீன் வந்துரும்" என்று தம்பி அதைப் பிடுங்கி வைத்துக்கொண்டான். வந்தது. தீப்பந்தத்தோடு கூட்டத்தில் ஓடினான், கண்மூடித் திறப்பதற்குள் போய்விட்டான். "பார்த்தியா? பார்த்தியாக்கா?" என்றான்.

அடுத்த காட்சியில் ஒரு கல்யாண வீடு. மணப்பெண் கண்ணாடி முன்னால் தனியாக உட்கார்ந்திருக்கிறாள். பின்னால் அந்தப் பேய் வந்து நிற்கிறது. பெண்ணின் கூந்தலைக் கையில் எடுத்துக் குழைந்து குழைந்து சொல்கிறது.

"சிக்கு எடுத்துட்டியா? வா, பின்னி உடுறேன்."

பின்னலைப் போட்டு, அந்தப் பின்னலாலேயே அவள் கழுத்தை இறுக்கியது.

நான் எழுந்துபோய் டிவி ஸ்விட்சை அணைத்தேன். விளக்கு எரிந்துகொண்டிருந்தது. கருவாட்டுக் குழம்பு ஆறி ஏடு கட்டியிருந்தது. கல்யாணம் ஆகப்போகிற என் பெண் தன் பின்னலை இழுத்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். என்ன நடந்தது என்று அவளுக்குத் தெரியாது. அங்கே எனக்கும் தம்பிக்கும் மட்டும்தான் தெரியும். ஒன்றுமே நினைவில்லை என்கிறவனுக்கு அது எப்படித் தெரியும்?

பின்பக்கம் குழாயடியில் அவனைப் பிடித்தேன்.

"அந்த வார்த்தைய நீயா சொன்ன?"

"எந்த வார்த்த?"

"அடிச்சிருவேன். சிக்கு எடுத்துட்டியான்னு வருதே, அது."

"ஆமாக்கா. சும்மா பேச்சுவாக்குல சொன்னேன். அவருக்கு அது ரொம்பப் புட்ச்சிப் போச்சு."

"உனுக்குத்தான் எதுவுமே நெனவு இருக்காதே?"

குழாயைத் திறந்தான், மூடினான். கையில் அழுக்கே இல்லை, ஆனாலும் கழுவினான்.

"கொஞ்சம் கொஞ்சம் இருக்கும்க்கா."

"எவ்ளோ கொஞ்சம்?"

"கத்தாதக்கா. அத்தைக்குக் கேக்கப் போவுது." பிறகு தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "மொதல்லல்லாம் அவ எல்லாராண்டயும் பேசுவா, உன்னாண்ட மட்டும் பேச மாட்டா. நீ என் மூஞ்சியவே பார்த்துகினு நிப்ப. எனுக்கே தாங்கலக்கா. அவ உனுக்குத் தல பின்னும்போது நான் பக்கத்துலதான படுத்துகினு இருப்பேன், அது ஞாபகம் இருந்துச்சி. சொல்லிட்டேன். நீ அன்னிக்கு எப்படி சிரிச்ச தெரியுமா?"

"அப்போ மத்ததெல்லாம்? பொடவ கேட்டது, அப்பாவத் திட்டினது?"

"சத்தியமா எனுக்குத் தெரியாதுக்கா. ஒடம்பு தானா ஆடும். எது அவ, எது நான்னு எனுக்கே தெரியாது."

அவன் கெட்டவன் இல்லை. கெட்டவனாக இருந்திருந்தால் எவ்வளவோ நிம்மதி. பெண்டாட்டியைக் கூட்டிக்கொண்டு சாப்பிடாமல் போனான், நானும் சாப்பிடு என்று சொல்லவில்லை. அதன் பிறகு அவனோடு பேச்சை நிறுத்திவிட்டேன்.

அந்தத் தொடர் மட்டும் என்னை விடவில்லை. ஆவடியில் ரயில் ஏறினால் லேடீஸ் கம்பார்ட்மெண்டில் காலேஜ் பெண்கள் ஒருத்தி முடியை ஒருத்தி பிடித்துக்கொண்டு, "சிக்கு எடுத்துட்டியா" என்று குரலைக் குழைத்துச் சொல்லிச் சிரிப்பார்கள். வேலை செய்கிற இடத்தில் என்னோடு தையல் பிரிவில் இருக்கும் பெண், "நீங்க பாதியில நிறுத்திட்டீங்கக்கா. கடைசி வரைக்கும் பாருங்க, அதுல நல்ல மெசேஜ் இருக்கு" என்று சொன்னாள். மெசேஜ்! எனக்கு வந்த மெசேஜை எடுத்துத்தானே அவர்கள் ஊருக்கெல்லாம் விற்றார்கள்?

நான் ஒன்றும் முக்காடு போட்டுக்கொண்டு இருக்கிறவள் இல்லை. ஆண் பெண் சமாச்சாரம் தெரியாமல் பிள்ளை பெறவில்லை. இரத்தம் பார்த்தால் மயக்கம் வருகிற ஆளும் இல்லை. பெரியவர்கள் பார்ப்பதற்கென்று எடுக்கிறவர்கள் எதை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளட்டும். ஆனால் செத்துப்போன ஒரு பெண்ணுக்கு வருஷம் தவறாமல் புடவை கொடுக்கிற ஜனங்களின் கதையை வாங்கி, அவள் புடவையைத்தான் முதலில் உருவ வேண்டும் என்று அவர்களுக்கு ஏன் தோன்றியது? அதை என்னால் மன்னிக்க முடியவில்லை. இதைவிட மோசம் ஒன்று நடந்தது. அந்த வார்த்தையை மனசுக்குள் சொல்லிப் பார்த்தால், தம்பியின் குரல்கூட இல்லை, அந்த நடிகையின் குரல்தான் கேட்டது.

தை பிறந்தது. கல்யாணத்துக்கு முன்னே பெரியக்காவை அழைக்க வேண்டும். என் வீட்டுக்காரர், "இந்த வாட்டி வேணான்னா உட்ரு, சாமி படத்துக்கு முன்னால பொடவய வெச்சுக் கும்புட்டுக்கலாம்" என்றார். எனக்கும் அப்படித்தான் இருந்தது. மகள்தான் ஒத்துக்கொள்ளவில்லை.

"நான் பொறந்ததுல இருந்து பெரியம்மா பேரச் சொல்லித்தான என்னை வளத்த? அவங்க வராம நான் மணையில உக்கார மாட்டேன்மா. டிவியில வந்தது அவங்க இல்ல. அது வேற."

அவளுக்கு அது வேறாக இருந்தது. கொடுத்து வைத்தவள். எனக்கு ஒன்றே ஒன்று தெரிய வேண்டியிருந்தது. அந்த வார்த்தை தம்பியுடையது என்றே இருக்கட்டும். மீதியாவது அவளா? அவள் ஒருமுறையாவது வந்தாளா? அத்தையை அனுப்பி, அழைப்புக்கு ஏரிக்கரைக்கு வரும்படி தம்பிக்குச் சொல்லச் சொன்னேன்.

கல்யாணத்துக்கு முந்தைய புதன்கிழமை, வெயில் தாழ்ந்ததும் ஏரிக்குப் போனோம். கரையில் பாதிக்கு மேல் இப்போது ஃபிளாட்டுகள். புதிதாகக் குடிவந்த ஒரு குடும்பம் பால்கனியில் நின்று எங்களைப் போனில் படம் எடுத்தது. தம்பி குளித்து, ஈரவேட்டியோடு வந்து நின்றான். என்னைப் பார்க்கவில்லை. குடத்தில் தண்ணீர் மொண்டு, வேப்பிலை செருகி, பூச்சுற்றி அவன் தலையில் வைத்தார்கள். பம்பைக்காரர் அவளை அழைக்கிற வர்ணிப்புப் பாட்டைத் தொடங்கினார். எங்கள் குலம், எங்கள் அப்பா பேர், அவள் பேர் எல்லாம் சொல்லி, தண்ணியிலே இருப்பவளே தாய்வீடு வா என்று அழைத்தார்.

பம்பை ஏறியது. தம்பியின் தோள் துடித்தது. கால் மண்ணைக் கிளறியது. கழுத்து நரம்பு புடைத்தது. இதை நடிக்க முடியாது என்று நினைத்தேன். அந்த மெலிந்த குரல் வந்தது. "பொடவ எங்கடீ? எனுக்குப் பொடவ எங்க?" அத்தை ஓடிப்போய்ப் புடவையை அவன் தோளில் போட்டாள். பெண்கள் குலவையிட்டார்கள். மகள் கும்பிட்டு விழுந்தாள், அவள் தலையில் கை வைத்து, "நல்லா இருப்படி" என்றாள் பெரியக்கா. ஆமாம், அந்த நிமிஷம் நான் அப்படித்தான் நினைத்தேன். வந்துவிட்டாள் என்றே நினைத்தேன். தொடரும் வேண்டாம், தம்பியின் ஓட்டை வாயும் வேண்டாம், எல்லாவற்றையும் மறந்துவிடத் தயாராக இருந்தேன்.

பிறகு வழக்கம்போல என் பக்கம் திரும்பினாள். கண் சொருகியிருந்தது. கை என் தலையை நோக்கி வந்தது.

எனக்கு அந்த நடிகையின் குரல் கேட்டுவிட்டது. என்னையறியாமல் வாயில் வந்தது. மெதுவாகத்தான் சொன்னேன், பம்பைச் சத்தத்தில் பக்கத்தில் நின்ற அத்தைக்குக்கூடக் கேட்டிருக்காது.

"வேணாம்."

அவன் நிறுத்திவிட்டான்.

கை பாதி வழியில் நின்றது. தோள் துடிப்பது நின்றது. சொருகிய கண் திறந்து, என் தம்பியின் கண்ணாக என்னைப் பார்த்தது. அடி வாங்கப்போகிற பிள்ளை பார்ப்பதுபோல. நான் ஒரு வார்த்தை சொன்னேன், அவன் உடனே கேட்டுக்கொண்டான். என் அக்கா என் பேச்சைக் கேட்டு ஒருநாளும் நிறுத்தியதில்லை.

"அம்மா மலையேறிட்டாங்களா? இன்னொரு வாட்டி அடிக்கட்டுமா?" என்று பம்பைக்காரர் கேட்டார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். மகள் நெற்றியில் மண்ணோடு எழுந்து நின்று சிரித்துக்கொண்டிருந்தாள். "போதும்ணா, வந்துட்டா" என்றேன். தம்பியின் தலையிலிருந்து குடத்தை வாங்கி என் இடுப்பில் வைத்துக்கொண்டு, வீட்டுப் பக்கம் நடந்தேன்.